தோற்றவர் கட்டிய கோட்டை

நாகர்கோவிலில் இருபது வருஷமாகக் குடித்தனம் செய்கிறவள் வட்டக்கோட்டையைப் பார்த்ததே இல்லை என்றால் நம்புவீர்களா? வெளியூரிலிருந்து வருகிற உறவுக்காரர்களை எல்லாம் குமரி அம்மன் கோவில், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை என்று நானே அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறேன். அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டரில் இருக்கிற கோட்டைக்கு மட்டும் போக வாய்க்கவில்லை. சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வாய்த்தது. அதுவும் என் மகள் உதைத்த ஒரு பந்து வெளியே போனதால்!

விவரமாகச் சொல்கிறேன்.

மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஏழாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடக் கால்பந்துக் குழுவில் ஆடுகிறாள். "பெரியவளான பிள்ளைக்கு எதுக்கு இந்தப் பந்தும் ஓட்டமும்?" என்று என் மாமியார் அப்போதே கேட்டார்கள். நான் 'வேண்டாம்' என்று சொன்னதில்லை. 'ஆடு' என்றும் சொன்னதில்லை. வெயிலில் கறுத்துப் போகிறாளே, முழங்காலெல்லாம் தழும்பாகிறதே, நாளைக்கு ஒரு நல்ல இடத்தில் பேச்சு வந்தால் என்ன சொல்வார்களோ என்று உள்ளுக்குள் ஒரு கவலை ஓடிக்கொண்டே இருந்தது.

ஆடியில் குறுவட்டப் போட்டி. பைனல் சமமாக முடிந்து பெனால்டி வரை போயிற்றாம். கடைசிப் பந்து இவளுக்கு. அது கம்பத்துக்கு மேலே பறந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவள் பூட்ஸைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, "இனிமே நான் ஆடமாட்டேம்மா" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். "போட்டும் மக்களே, விளையாட்டுதானே" என்றேன். எல்லாம் ஒரு தாய் செய்கிறதுதான். ஆனால் அடுக்களைக்குத் திரும்பி வந்ததும் என் மனசில் வந்த வார்த்தை எது தெரியுமா? 'அப்பாடா!'

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்துக் குளச்சலிலிருந்து சித்தப்பா வந்தார். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுபத்திரண்டு வயசு. உலகத்தில் எந்த மூலையில் கால்பந்து நடந்தாலும் அவருக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. வெங்காயம் விலை ஏறினாலும், எங்கேயாவது யுத்தம் மூண்டாலும், பேச்சு கடைசியில் பந்தில்தான் வந்து நிற்கும். அவருடைய கட்சி ஹாலந்து. 1974-ல் யோஹான் க்ரைஃப் படத்தைப் பத்திரிகையில் பார்த்த நாளிலிருந்து ஹாலந்துதான். அந்த ஹாலந்தோ உலகக் கோப்பையில் 1974, 1978, 2010 என்று மூன்று முறை இறுதி ஆட்டம் வரை வந்து, மூன்று முறையும் தோற்றது!

"ஏன் சித்தப்பா, தோற்கிறவனையே பிடிச்சிட்டு இருக்கீங்க?" என்று கேட்டால் சிரிப்பார். "கேட்டியா மக்களே, எங்க ஊர்ல 1741-லயே அவனை நாம ஜெயிச்சாச்சு. இனி அவன் ஒருக்கா ஜெயிச்சா நமக்கு என்ன நட்டம்?"

கட்டிலடியில் கிடந்த பூட்ஸைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. "நாளைக்கு வட்டக்கோட்டைக்குப் போவோம். சோறு கட்டி வை" என்றார்.

புளிச்சோறு, தேங்காய்த் துவையல், நேந்திரங்காய் வற்றல், ஒரு சீப்பு மட்டிப்பழம், தண்ணீர் இரண்டு பாட்டில். இவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. ஆகவே நாங்கள் மூன்று பேர்தான். அஞ்சுகிராமம் வரை பஸ், பிறகு ஆட்டோ. தென்னையும் பனையும் காற்றாலையுமாக வழி முழுக்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி.

கோட்டை வாசலில் நின்றதும் மகள் கேட்டாள், "தாத்தா, வட்டமாவே இல்லையே?" உண்மைதான். பெயர்தான் வட்டக்கோட்டை, உள்ளே போனால் நீள்சதுரம். கருங்கல் சுவர் இருபத்தைந்து அடி உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. பரப்பு மூன்றரை ஏக்கர். சித்தப்பா உடனே கணக்குப் போட்டார்: "ரெண்டு பந்துக் களம் பக்கத்துல பக்கத்துல போடலாம், கேட்டியா!" நடுவில் புல்வெளி, ஒரு குளம். கல்லில் பாண்டியர்களின் மீன் சின்னம் தெரிகிறது. சரிவுப் பாதை வழியாக மேலே ஏறினால், அம்மாடி! முன்னால் கடல், பின்னால் மலை. கோட்டையின் ஒரு பாகம் கடலுக்குள்ளேயே நீண்டிருக்கிறது. அலை அடித்துத் தெறிக்கிற சத்தம் காலடியில் கேட்கிறது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளாவிட்டால் காற்று விடாது.

மேலே உட்கார்ந்துதான் சித்தப்பா கதையைத் தொடங்கினார்.

மிளகு வியாபாரத்துக்காக டச்சுக் கம்பெனி இந்தக் கரைக்கு வந்தது. திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கும் அவர்களுக்கும் பகை முற்றி, 1741-ல் குளச்சலில் சண்டை நடந்தது. டச்சுக்காரர்கள் தோற்றார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய் என்ற அதிகாரி. அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயசுதான் இருக்கும். அவர் சரணடைகிற காட்சியைப் பத்மநாபபுரம் அரண்மனையில் படமாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் மகாராஜா அவரைத் தண்டிக்கவில்லை. "உனக்குத் தெரிந்த வித்தையை எங்கள் படைக்குச் சொல்லிக்கொடு" என்ற விதமாகப் பணியில் சேர்த்துக்கொண்டார். கைதியாக வந்தவர் படைக்குப் பயிற்சி கொடுத்தார், பீரங்கி வார்த்தார், கோட்டை கட்டினார். நாளடைவில் 'வலிய கப்பித்தான்' ஆனார். முன்பு செங்கல்லால் இருந்த இந்த வட்டக்கோட்டையைக் கருங்கல்லால் எடுத்துக் கட்டியது அவருடைய மேற்பார்வையில்தான். தம் ஊருக்குத் திரும்பாமலே 1777-ல் காலமானார். தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. அதில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது.

"அவரு தோத்தவருதானே தாத்தா? அவருகிட்ட ஏன் கோட்டை கட்டக் குடுத்தாங்க?" என்று மகள் கேட்டாள்.

"தோத்தவன்னா வேலை தெரியாதவன்னா அர்த்தம், மக்களே? அண்ணைக்கு அவன் தோத்தான். அவ்வளவுதான். மறுநாள் எழும்பி என்ன செய்தான் பாத்தியா? அதுக்கு மேலதான் நீ இப்பம் உக்காந்திருக்கே."

பிறகு தம் சரக்கை எடுத்துவிட்டார். 1994 உலகக் கோப்பை இறுதியில் இத்தாலியின் பாஜியோ பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்தது, 2016-ல் சிலி நாட்டோடு நடந்த கோபா அமெரிக்கா இறுதியில் மெஸ்ஸியே பெனால்டியைத் தவறவிட்டது, இனி நாட்டுக்காக ஆடமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டது, மனசு மாறித் திரும்பி வந்து 2022-ல் கத்தாரில் கோப்பையைத் தூக்கியது என்று வரிசையாகச் சொன்னார். "மெஸ்ஸியும் ஒருவேளை பூட்ஸைக் கட்டிலுக்கடியிலதான் தள்ளியிருப்பான்" என்றார். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். சாப்பாட்டோடு உலக விவகாரமும் நடந்தது.

"பந்து ஆடினா நாட்டுக்கு நாடு சமாதானம் வரும்னு சொல்லுவாங்க. நான் நம்பமாட்டேன்" என்றார் சித்தப்பா. 1969-ல் ஹோண்டுராசும் எல் சால்வடாரும் பந்தாட்டத்தில் மோதிய சூட்டோடு நிஜ யுத்தத்தில் இறங்கினவாம். மூல காரணம் நிலத் தகராறு. பந்து வெறும் நெருப்புக் குச்சி. 1982-ல் பால்க்லாந்து தீவுக்காக யுத்தம் செய்த இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் 1986-ல் களத்தில் சந்தித்தபோது மாரடோனா கையால் ஒன்றும் காலால் ஒன்றுமாக இரண்டு கோல் போட்டார். "ஆனா ஆட்டத்துல ஒரு ஒழுங்கு உண்டு. தொண்ணூறு நிமிஷம் ஆனா விசில் அடிச்சிருவான். யுத்தத்துல விசில் அடிக்க ஆள் இல்ல."

கத்தாரைப் பற்றியும் சொன்னார். "கோப்பையைத் தூக்கினவன் பேரு எல்லாருக்கும் தெரியும். அந்த வெயில்ல ஸ்டேடியம் கட்டின நம்ம நாட்டுப் பயலுவ பேரு யாருக்குத் தெரியும்? இந்தக் கல்லைச் சுமந்தவன் பேரும் அப்படித்தான்" என்று சுவரைத் தட்டினார். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிற மாவட்டம் இல்லையா எங்களுடையது? எனக்குச் சோறு தொண்டையில் நின்றது.

கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். மேற்குக் கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை எல்லாம் கால்பந்து ஊர்கள். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள் மணலில் ஆடி ஆடியே பெரிய கிளப்புகளுக்குப் போயிருக்கிறார்கள். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் இந்திய அணி வரை போனவர். 2020 நவம்பரில் ஆட்டத்தின் நடுவில் முழங்காலில் பலத்த அடி பட்டு ஓய்ந்திருந்து, பிறகு திரும்பி வந்து ஆடினார். அதே கரையில்தான் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்து, கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை.

"அதுதான் மக்களே தோல்வி. அந்தக் கரையிலயும் சாயங்காலம் ஆனா பிள்ளையளு பந்தைத் தட்டத்தான் செய்யுது. உன் பந்து வெளிய போனதெல்லாம் ஒரு தோல்வியா?"

மகள் ஒன்றும் பேசவில்லை. அவள் சுவரோரம் மீன் சின்னத்தைத் தேடிக்கொண்டு போனபோது சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

"உன் பிள்ளை ஆடினதை நீ எத்தனை ஆட்டம் பாத்திருக்கே?"

"ஒண்ணும் பாத்ததில்ல சித்தப்பா."

"அவ பெனால்டி அடிக்கும்போ நீ எங்க நிண்ணே?"

"வீட்லதான். மாவு ஆட்டிட்டு இருந்தேன்."

"நீ வீட்டுக்கு கோலி மாதிரி. எத்தனை பந்தைப் பிடிச்சாலும் ஒருத்தரும் கை தட்டமாட்டான். ஒண்ணு விட்டுட்டா ஊரே கத்தும். அந்தக் கஷ்டம் உனக்குத் தெரியும்லா? அப்பம் பந்தை வெளிய அடிச்ச பிள்ளைக்கு நீயில்லாம யாரு துணை?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த 'அப்பாடா'வை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தெரியும். அதுக்குத்தான் உன்னையும் கூட்டிட்டு வந்தேன்" என்றார். கோட்டைக்கு வந்தது மகளுக்காக என்று நினைத்திருந்தேன். எனக்காகவும்தான்!

இங்கிலாந்தில் 1921-ல் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டு, சுமார் ஐம்பது வருஷம் அப்படியே வைத்திருந்ததாம். பெண் உடம்புக்கு ஒத்துவராது என்று காரணம் சொன்னார்களாம். என் மாமியார் சொல்வதும், நான் சொல்லாமல் நினைத்ததும் அதுதானே? இன்று சித்தப்பாவின் ஹாலந்தில் பெண்கள் 2017-ல் ஐரோப்பியக் கோப்பையையே வாங்கியிருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசியப் பட்டம் வென்றார்கள். கடலூர்ப் பெண் இந்துமதி போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேலையும் பார்த்துக்கொண்டு இந்தியாவுக்கும் ஆடினார்.

திரும்பும் முன் கோட்டைக்குப் பக்கத்துக் கடற்கரைக்கு இறங்கினோம். மணல் கறுப்பாக இருக்கும். பையிலிருந்து ஒரு பழைய பந்தை எடுத்தார் சித்தப்பா. திட்டத்தோடுதான் வந்திருக்கிறார்! என்னை கோலியாக நிற்கச் சொன்னார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். மகள் அடித்த முதல் பந்து என் தலைக்கு மேலே போயிற்று. இரண்டாவது என் இடுப்பில் விழுந்தது. மூன்றாவதை நான் பார்க்கவே இல்லை, பின்னால் கிடந்தது.

மறுவாரம் அவளை ஒரு பெண் டாக்டரிடம் காட்டி என் சந்தேகங்களைக் கேட்டேன். அந்த மூன்று நாட்களில், பொறுக்க முடியாத வலி இல்லாவிட்டால் ஆடுவதால் கெடுதல் இல்லை என்றார்கள். ரத்தத்தில் இரும்புச் சத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். முருங்கைக்கீரை, பயறு, மீன் சேர்த்துக்கொள்ளவேண்டும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ, காப்பி கூடாது. ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கும் பயிற்சியைத் தவறவிடக்கூடாது; முழங்காலுக்கு அதுதான் காவல். எல்லாம் நம் கையில் இருக்கிற காரியம்தானே?

சகோதரிகளே, வட்டக்கோட்டைக்குப் போகிறவர்கள் காலையிலேயோ மாலை வெயில் தாழ்ந்தோ போங்கள். மேலே நிழல் குறைவு. தண்ணீரும் சோறும் கையோடு இருக்கட்டும். சின்னக் குழந்தைகளைக் கடலோரச் சுவர்ப் பக்கம் கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கறுப்பு மணல் நண்பகலில் காலைச் சுடும், செருப்பைக் கழற்றவேண்டாம். பாறையும் அலையும் உள்ள இடம், குளிக்க இறங்கவேண்டாம்.

அன்று இரவு கட்டிலடியிலிருந்து பூட்ஸை எடுத்தேன். ஒரு மாதத்துச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நானே தேய்த்துக் கழுவித் திண்ணையில் வைத்தேன். விடிந்து பார்த்தபோது அங்கே இல்லை. அவள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அடுத்த ஆடியில் குறுவட்டப் போட்டி வரும்போது மாவை முதல் நாளே ஆட்டி வைத்துவிடப் போகிறேன்.