பெரிய மார்க்கெட்டில் பேசும் வண்டி

புதுவை நேரு வீதியை ஒட்டிய பெரிய மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கச் செல்வோர் பலர். நானும் என் மைத்துனரும் சென்றதோ, அவருடைய மோட்டார் சைக்கிளில் வானொலிக் கருவி பொருத்தச் சில சாமான்கள் தேடி! குபேர் அங்காடி என்றும் வழங்கும் அவ்விடத்தில், மல்லிகை மணமும் மீன் விற்போர் குரலும் கலக்கும் சந்தொன்றில், இரும்புப் பட்டையும் ரப்பர்த் துண்டும் கிடைத்தன.

அங்கேயே வேலை தொடங்கிற்று. 12 வோல்ட் பாட்டரியிலிருந்து நேராகக் கம்பி இழுத்து, அதனருகே ஃபியூஸ் வைத்தார். 145 மெகாஹெர்ட்ஸுக்கு அரை மீட்டர் ஏரியல் போதும். அடியில் உலோகத் தகடு வேண்டும். எஞ்சினை ஓடவிட்டதும் ஒரே இரைச்சல்! பிளக்கின் தீப்பொறியே காரணம். மின்தடையுள்ள பிளக்கை மாற்றியபின் இரைச்சல் அடங்கிற்று. அரியாங்குப்பத்து நண்பரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பாட்டு வருமா, தம்பி?" என்றார் மீன்கார அம்மா.

"வராதம்மா, புயலடித்தால் பேசும்" என்றார் மைத்துனர்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் அமெச்சூர் வானொலியாளர் தம் குழுவினருடன் அந்தமான் செய்திகளை வெளியே அனுப்பினார். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபின், கடலூரிலிருந்த என் மாமியாரின் நலமறிய நாங்கள் மூன்று நாள் தவித்தோம். அதன் பிறகே மைத்துனர் அரசுத் தேர்வெழுதி உரிமம் பெற்றார்.

வண்டியை நிறுத்தியே பேசுவார். நம் இளைஞரும் இதைக் கற்கலாமே!