தேர்க்காலும் கன்றும்

தமிழர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் நீதிக்கதையும் ஒரு வாகன விபத்தே. திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் கன்று மடிந்தது. பரிகாரம் செய்து முடித்துவிடலாம் என்றனர் அமைச்சர். மனுநீதிச் சோழன் அதற்கு இசையவில்லை என்பது பெரியபுராணம் கூறும் செய்தி.

சில ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடித் துறைமுகச் சாலையில், உப்பளத் தொழிலாளி ஒருவரின் மிதிவண்டியை ஒரு கார் இடித்துத் தள்ளியதைக் கண்டேன். “போலீசு, கேசுன்னு எதுக்கு அலையணும் அண்ணாச்சி? நமக்குள்ளயே முடிச்சுக்கிடுவோம்” என்று சில ரூபாய்த் தாள்களை நீட்டினார் காருக்குரியவர். கூடியிருந்தோர் தலையசைத்தனர். தொழிலாளி வாய் திறக்கவில்லை. பெரியவர் ஒருவர் மட்டும், “மொதல்ல கைய டாக்டர்ட்ட காட்டுங்க, பேச்சு பெறகு” என்றார். முழங்கை எலும்பில் முறிவு இருந்தது. மூன்று வாரக் கூலி போயிற்று.

இரு வண்டிகளின் வண்ணம் உரிந்ததோடு போனால், இருவரும் மனமொத்துப் பேசித் தீர்ப்பது பண்பே. உடலில் காயம்பட்டால் நிலை வேறு. மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும், காப்பீட்டு நிறுவனத்திற்கு எழுதுவதும் ஓட்டுநரின் கடமை என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று கூறுவதும் அச்சட்டமே. அத்தொகை எளியவரின் உரிமை.

முத்து வணிகர் துணியின் மறைவில் விரல்பிடித்து விலை பேசியதுண்டு. முத்துக்கு அது பொருந்தும். மனிதனின் காயத்திற்கு மறைவில் விலை பேசலாகாது. சமமாக நின்று பேச இயலாதவரின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது சமாதானம் ஆகாது. வண்டியோட்டப் பழகும் மாணவச் செல்வங்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.