வாராவாரம் பல்லாவரம்!

மாப்பிள்ளை பைலட் என்று தெரிந்ததும் தோழிகள் கேட்ட முதல் கேள்வி, "அப்போ வாராவாரம் சிங்கப்பூரா?" என்பதுதான். அட போங்கப்பா! வாராவாரம் நாங்க போறது பல்லாவரம். அங்கே வெள்ளிக்கிழமை சந்தையில, கத்தரி நாத்துக்கும் செம்பருத்திச் செடிக்கும் பேரம் பேசுறதுதான் எங்க 'டூர்'!

கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் ஆகலை. குடியிருப்பது சிட்லபாக்கத்தில், ரெண்டாவது மாடி. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் ஏறினா மூணாவது ஸ்டேஷன் திரிசூலம். இறங்கி சுரங்கப்பாதை வழியா ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டினா ஏர்போர்ட். டிராஃபிக் நாளில் கார் ஊர்ந்துட்டிருக்கும்போது, எலெக்ட்ரிக் ட்ரெயின் ஜம்முனு போய்ச் சேர்ந்துடும். யூனிஃபார்மோட யாராவது ட்ரெயின் கம்பியைப் பிடிச்சு நின்னா ஆச்சரியப்படாதீங்க. அது எங்க வீட்டுக்காரரா இருக்கலாம்!

இந்த ஏரியாவுக்கும் வானத்துக்கும் உள்ள பழக்கம் இன்னிக்கு நேத்து வந்ததில்லை. மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்பவர், சிம்ப்சன் கம்பெனியில் செய்த விமானத்தை 1910-ல் பறக்கவிட்டுப் பார்த்தது இதே பல்லாவரத்தில்தான். 1932 அக்டோபரில் டாடாவின் முதல் தபால் விமானத்தை கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடா ஓட்ட, அங்கிருந்து பெல்லாரி வழியா சென்னைக்கு ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். தாம்பரம் விமானப்படைத் தளத்தில், பைலட்டுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்களுக்கே சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் 1954-லேருந்து இருக்கு. காலையில் மொட்டை மாடிக்குப் போனா, அதிலிருந்து கிளம்பின சின்ன விமானம் ஒண்ணு தலைக்கு மேல வட்டமடிச்சுட்டிருக்கும். காக்காவுக்குச் சோறு வைக்கிற கையோட அதுக்கும் ஒரு டாட்டா!

மாடியில் ஒரு மைதானம்

எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு உலகம். ஒண்ணு காக்பிட், இன்னொண்ணு மொட்டை மாடி. தக்காளி, வெண்டை, மணத்தக்காளி, கறிவேப்பிலை, அத்தை ஊரிலிருந்து கொடுத்தனுப்பின முடக்கத்தான் கொடின்னு மொத்தம் 23 தொட்டி. ராத்திரி டூட்டி முடிஞ்சு விடியற்காலை 5 மணிக்கு வந்தா, காபி குடிக்கிறதுக்கு முன்னாடி மாடிக்குத்தான் போவார். "ராத்திரி பூரா பட்டன், லைட்டு, நம்பர் பார்த்த கண்ணுக்கு இலையைப் பார்த்தாத்தான்மா தூக்கம் வருது" என்பார்.

செடி வளர்க்கவும் அவர் தொழில் உதவுது தெரியுமா? சென்னையில் வானிலை மையத்துக்கு ரெண்டு இடத்தில் அளவெடுக்கிற நிலையம். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று மழை நியூஸில் கேட்டிருப்பீங்களே... அந்த மீனம்பாக்கம் எங்க பக்கத்து வீடு மாதிரி. விமானங்களுக்காக அங்கே காத்து, வெப்பம், மேகம் எல்லாம் அரை மணிக்கொரு தடவை அறிவிப்பாங்க. அவர் அதைப் பார்த்துட்டு விமானத்தை இறக்குவார், நான் அதைப் பார்த்துட்டு வாழைத் தொட்டியைச் சுவரோரம் நகர்த்துவேன்.

போன் இல்லாமலும் காத்தைக் கண்டுபிடிக்கலாம். விமானம் எப்பவும் காத்துக்கு எதிராகத்தான் இறங்கும். மத்தியானம் கடல்காத்து கிழக்கேயிருந்து வீச ஆரம்பிச்சதும், விமானங்கள் மேற்கே பம்மல் பக்கமாக வந்து கிழக்கைப் பார்த்து இறங்கும். மேல்காத்து அடிக்கிற நாளில் இது அப்படியே தலைகீழ். அப்போ பரங்கிமலை, நங்கநல்லூர் பக்கத்து மாடிகளுக்குத்தான் தரிசனம். மே மாசத்தில் பம்மல் பக்கம் விமானம் தாழ்வாக வந்தா, 'அப்பாடா, கடல்காத்து வந்தாச்சு'ன்னு நான் துவைச்ச துணியோட மாடிக்கு ஓடுவேன்.

இன்னொரு விஷயமும் கத்துக்கிட்டேன். காய்கறிக் குப்பை, கோழிக் கழிவு எல்லாத்தையும் ரோட்டோரம் வீசினா பருந்தும் காக்காவும் வரும். அதே வானத்தில் விமானமும் வரும். பறவை எஞ்சினுக்குள்ளே போனா என்ன ஆகும்? அதனாலதான் ஏர்போர்ட்டைச் சுற்றி 10 கி.மீ.க்குள் திறந்தவெளியில் குப்பை கொட்டக்கூடாது, ஆடு மாடு வெட்டக்கூடாதுன்னு 1937-ம் வருஷத்து விமான விதிகளிலேயே 91-வது விதி இருக்கு. எங்க வீட்டு வெங்காயச் சருகு வெளியே போகாது. தொட்டிக்கு உரமாகிடும். போகி அன்னிக்குப் பழைய டயர் கொளுத்துற தம்பிகளுக்கும் ஒரு சேதி. 2018 போகியில் புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதையை மறைச்சு, சென்னையில் இறங்க வேண்டிய விமானங்களை வேற ஊருக்குத் திருப்பிவிட்டாங்க. அவசரமா ஊருக்கு வர்ற ஒருத்தரை நம்ம தெரு டயர் தடுத்துடலாம் பாஸ்!

மிக்சிக்கு 144

புதுப் பொண்டாட்டிக்கு முதல் பாடம், காலை 10 மணிக்குச் சட்னி அரைக்கக்கூடாது. அவருக்கு அது நடுராத்திரி! ஜன்னலில் கறுப்புத் துணி, காலிங் பெல்லுக்கு லீவு, கீரைக்காரம்மாவுக்குக் கையாலேயே சைகை. ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம்தான் புரிஞ்சது, அவர் தூக்கம் அவருக்கு மட்டும் சொந்தமில்லை, பின்னாடி உட்கார்ந்திருக்கிற 180 பேருக்கும் சொந்தம். பைலட்டுகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்திய விதி 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அந்த 12 மணி நேரத்தில் எங்களுக்குக் கிடைச்சது, ஒரு சினிமாவும் ஒரு சண்டையும் ஒரு சமாதானமும்!

வீட்டு அலமாரி வரைக்கும் விதிகள் வரும். டூட்டிக்கு முன்னாடி ஊதிக் காட்டணும், மெஷினில் பூஜ்யம்தான் வரணும். அதனால ஆல்கஹால் கலந்த மவுத்வாஷுக்குக் கூட எங்க வீட்டில் தடா. விமானத்தில் ரெண்டு பைலட்டும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட மாட்டாங்க. ஒருத்தர் வயிறு கெட்டாலும் இன்னொருத்தர் ஓட்டணுமே! "வீட்டிலாவது ஒரே சாம்பார் ஊத்துடி" என்று கெஞ்சுவார்.

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையை எதிர்பார்த்து அம்மா வீட்டில் ஏற்பாடெல்லாம் தடபுடலா நடந்தது. டூட்டி சார்ட் வந்தது... அன்னிக்கு அவருக்கு நாலு ஃப்ளைட்! அப்பா முகம் சுண்டிப்போச்சு. பாட்டிதான் தீர்ப்பு சொன்னாங்க: "ஊர் உலகமெல்லாம் தீபாவளிக்கு வீடு போய்ச் சேரணும்னா யாராவது ஓட்டத்தானே வேணும்?" ரெண்டு நாள் கழிச்சு, தெருவே ஓய்ஞ்சிருந்த ஒரு காலையில் எங்களுக்கு மட்டும் எண்ணெய் தேய்ச்சு, சரவெடி வெடிச்சோம். பக்கத்து வீட்டுப் பொடியன் கேட்டான், "அக்கா, உங்க வீட்டு காலண்டர் ஸ்லோவா?"

ரெண்டு விதமான ஸ்டாண்ட்-பை

எங்க வீட்டில் 'ஸ்டாண்ட்-பை' என்ற வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம். முதலாவது அவருடையது. யாராவது பைலட்டுக்கு உடம்பு சரியில்லைன்னா கூப்பிடுவாங்க. அதுக்காக யூனிஃபார்மை இஸ்திரி போட்டு வெச்சுக்கிட்டு, போன் பக்கத்திலேயே உட்காரணும். அன்னிக்கு பீச்சும் கிடையாது, கல்யாண வீடும் கிடையாது.

ரெண்டாவது எங்க ரெண்டு பேருடையது. ஊழியர் குடும்பத்துக்குக் குறைஞ்ச கட்டணத்தில் டிக்கெட். ஆனா, காசு கொடுத்து வாங்கினவங்க எல்லாரும் ஏறின பிறகு சீட் மிச்சமிருந்தாத்தான்! பெரிய ஆபீஸர், சீனியர் ஆளுங்க பட்டியலில் மேலே இருப்பாங்க. புதுசா சேர்ந்தவர் பொண்டாட்டி கீழே. கவுன்ட்டரை மூடின பிறகுதான் நம்ம தலையெழுத்து தெரியும்.

ஹனிமூனுக்கு அந்தமான் போகலாம்னு கிளம்பினோம். முதல் நாள் ஃபுல். ரெண்டாம் நாள் கவுன்ட்டர் பெண் சிரிச்சுக்கிட்டே, "ஒரு சீட் இருக்கு" என்றாள். ஒரு சீட்! ஹனிமூனுக்கு! அவர் என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாம பெட்டியைத் தள்ளிக்கிட்டுத் திரிசூலம் ஸ்டேஷனுக்கே திரும்பினோம். மூணாம் நாள்தான் சீட் கிடைச்சது. அதுவும் அவர் 4-வது வரிசை, நான் 27-வது வரிசை.

அனுபவத்தில் கத்துக்கிட்ட டிப்ஸ் இதோ. பொங்கல், தீபாவளி, மே மாச லீவு பக்கமே தலைவைக்காதீங்க. செவ்வாய், புதன் நல்லது. கையில் எடுத்துப்போற பை மட்டும் போதும். பளிச்சுனு உடுத்திக்கணும், சீட் கிடைக்கலைன்னா முகம் சுளிக்கக்கூடாது. தெற்கே போறவங்களுக்குத் தாம்பரமே கைகொடுக்கும். மதுரைக்கு ஃப்ளைட் கிடைக்கலைன்னா நாலு ஸ்டேஷன் திரும்பி வந்து ரயிலைப் பிடிங்க. முழுக்க முன்பதிவில்லாத பெட்டிகளோட நாகர்கோவில் போற அந்த்யோதயா ரயில் தாம்பரத்திலிருந்துதான் கிளம்புது. காலையில் ஏரோப்ளேன் கனவு, ராத்திரி ஜன்னலோரம் முறுக்கு!

புள்ளி மறையும் இடம்

ஜாலியெல்லாம் சரி. பயமே இல்லையான்னு கேட்டா, இருக்கு.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிச்சிருந்த சமயம், 2025 ஜூன் 12-ல் ஆமதாபாத் விபத்து. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒரே ஒருத்தர்தான் பிழைச்சார். அன்னிக்குச் சாயங்காலம் சொந்தக்காரங்க போன் மேல போன். "இன்னும் கல்யாணம் ஆகலையே, யோசிங்க" என்றவங்களும் உண்டு. அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "முடிவு உன்னோடதுதான். நான் வேலையை விடமாட்டேன்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணு." அந்த நேர்மைக்குத்தான் நான் தலையாட்டினேன்.

கல்யாணமான புதுசில் மொபைல் ஆப்பில் அவர் விமானத்தைப் பார்த்துட்டே இருப்பேன். மஞ்சள் விமானம் மெதுவா நகரும். ஒருநாள் அந்தமான் போறப்போ, வங்கக்கடல் நடுவில் பொசுக்குனு காணோம்! கை காலெல்லாம் நடுங்கிப் போச்சு. தரையில் இருக்கிற ரிசீவர்களுக்குக் கடல் நடுவில் சிக்னல் எட்டாது, அதனால புள்ளி மறையும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிஞ்சது. அந்த ஒண்ணே கால் மணி நேரம் எனக்கு ஒரு யுகம்.

ஆனா, தாம்பரத்துக்காரங்களுக்கு வேறொரு காத்திருப்பு தெரியும். 2016 ஜூலை 22 காலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேயருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம், 29 பேரோட வங்கக்கடல் மேல மறைஞ்சுபோச்சு. கப்பல், விமானம்னு எவ்வளவோ தேடினாங்க. ஒண்ணும் கிடைக்கலை. 2024 ஜனவரியில்தான் கடலுக்கடியில் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் பாகங்கள் கிடக்கிற படம் வெளியாச்சு. படமெடுத்தது ஆளில்லாமல் தானே இயங்கும் ஒரு நீர்மூழ்கிக் கருவி. அதை அனுப்பினது தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம். அது எங்கே இருக்கு தெரியுமா? நம்ம பள்ளிக்கரணையில்! கிளம்பின இடத்துக்கும் கண்டுபிடிச்சவங்க இடத்துக்கும் நடுவில் ஒரு பஸ் டிக்கெட் தூரம்தான். அந்த தூரத்தைக் கடக்க 29 குடும்பங்களுக்கு ஏழரை வருஷம் ஆச்சு. வேளச்சேரி பஸ் அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் என் பேச்சு தானா நின்னுடும்.

கீழ்வீட்டு அக்காவின் கணவர் விமானப்படையில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவங்கதான் என் நடுக்கத்தைப் பார்த்துட்டு ரெண்டு விதி போட்டாங்க. "அவர் கிளம்பும்போது சண்டையை மிச்சம் வைக்காதே. கிளம்பின பிறகு போனைத் தொடாதே, கையில் வேலை வெச்சுக்கோ." ஆப்பை அழிச்சேன். இப்போ அவர் கிளம்பினதும் நான் களைக்கொத்தோட மாடிக்குப் போயிடுவேன். இறங்கினதும் அவரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வரும்: 'தரை'. இந்த உலகத்துக் காதல் கடிதங்களிலேயே சின்னது அதுதான்!

இந்த வானத்தில் ஒரு ஜோடி

எனக்கு ரொம்பப் பிடிச்ச பைலட் ஜோடி, கேப்டன் சுந்தரமும் உஷா சுந்தரமும். அவர் சென்னை ஃப்ளையிங் கிளப்பில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கல்யாணமான உஷா, வீட்டில் காத்திருக்கிறதோட நிற்கலை. பெங்களூர் ஜக்கூரில் இருக்கிற அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949-ல் தேறி, தானும் பைலட் ஆனார். 1951-ல் மதராஸ் அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தை ரெண்டு பேருமா லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தாங்க. அப்புறம் 1959-ல் சென்னையில் 'புளூ கிராஸ்' அமைப்பைத் தொடங்கினதும் இதே குடும்பம்தான். வானத்தை அளந்தவங்க, தெருநாய்க்குச் சோறு வைக்க உட்கார்ந்தாங்க. பறக்கிறவங்களுக்குத் தரை மேல எவ்வளவு ஆசை பாருங்க!

அதனால தோழிகளே, பைலட் வரன் வந்தா சம்பளம், சிங்கப்பூர் எல்லாம் அப்புறம் விசாரிங்க. முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "வீட்டில் இருக்கிற நாளில் செடிக்குத் தண்ணி ஊத்துவாரா?"