நடுவில் விழும் வளையம்



நம் சபை வாலிபருக்கு மாலை வேளைகளில் வளையப்பந்து பயிற்றுவிக்கும் பாக்கியத்தைப் பல ஆண்டுகளாகப் பெற்றிருக்கிறேன். பள்ளி நாட்களில் நீங்களும் அதை ஆடியிருப்பீர்கள். வலைக்கு அப்பாலிருந்து வரும் ரப்பர் வளையத்தை ஒரு கையால் பிடித்து, உடனே திருப்பி எறிய வேண்டும். தரையில் விழவிடக் கூடாது. இரட்டையர் ஆட்டத்தில் 5.5 மீட்டர் அகலமுள்ள களத்தை இருவர் சேர்ந்து காக்கிறார்கள். புதிதாக இணைந்தவர்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். ஓரத்தில் வரும் கடினமான வளையத்தைப் பாய்ந்து பிடித்துவிடுவார்கள். இருவருக்கும் நடுவே எளிதாய் வருவதோ தரையில் விழும். அவன் எடுப்பான் என்று இவன் நிற்பான். இவன் எடுப்பான் என்று அவன் நிற்பான்.

பெருநகரங்களில் இப்போது பரவிவரும் பேடல் ஆட்டத்திலும் இதுவே முதற்பாடம். 1969-இல் மெக்சிகோவில் தோன்றிய அந்த ஆட்டத்தை, கண்ணாடிச் சுவர் சூழ்ந்த 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமுமான களத்தில் இணை இணையாக ஆடுகிறார்கள். அங்கும் டென்னிஸிலும், இணையர் இருவரின் இடுப்பையும் ஒரு கயிற்றால் பிணைத்துப் பழக்குவதுண்டு. ஒருவர் வலப்புறம் ஓடினால் மற்றவரும் வலப்புறம் நகர வேண்டும்; ஒருவர் முன்னேறினால் மற்றவரும் முன்னேற வேண்டும். கயிறு விறைத்தால், நடுவே வாசல் திறந்துவிட்டது என்று பொருள். தொய்ந்து தரையில் புரண்டால், இருவரும் ஓரிடத்தை அடைத்துக்கொண்டு மற்ற இடத்தைக் கைவிட்டார்கள் என்று பொருள். பந்து தன்னிடம் வராதபோதும் நகர வேண்டும் என்பதையே கயிறு கற்றுத்தருகிறது.

சென்னையின் ஆனந்த் அமிர்தராஜும் விஜய் அமிர்தராஜும் 1976-இல் விம்பிள்டன் இரட்டையர் ஆட்டத்தில் அரையிறுதிவரை சென்றார்கள். அவர்கள் உடன்பிறந்தவர்கள். ஆயினும் ஒரே வீட்டில் பிறந்ததால் மட்டும் எவரும் இணையாகிவிடுவதில்லை. காலடிகளும் ஒன்றாய்ப் பழக வேண்டும்.

பிரியமானவர்களே, இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். குரங்கணி மலையடிவாரத்திலும் போடியிலும் ஏலத்தோட்டத்திற்கு அதிகாலையில் ஜீப் ஏறும் சகோதரிகள் எத்தனை பேர்! மனைவி அவ்வாறு முன்னே ஓடியபின், அவள் நின்ற இடம் வெறுமையாய்க் கிடக்கிறது. அடுப்பும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அவள் பக்கம் என்று சொல்லிக் கணவன் தன் கோட்டுக்குள் நின்றுவிட்டால், நாள் முழுதும் குனிந்து காய் எடுத்தவள் மாலையில் திரும்பிவந்து அந்த இடத்தையும் ஓடிக் காக்க வேண்டியதாகிறது.

முதிய தாயார் ஒருவரைச் சந்திக்கச் சென்றிருந்தேன். இரண்டு மகன்கள், இருவரும் அன்புள்ளவர்கள். அவருக்கு இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து பத்து நாட்கள் ஆகியிருந்தன. தம்பி வாங்கியிருப்பான் என்று அண்ணனும், அண்ணன் வாங்கியிருப்பார் என்று தம்பியும் இருந்திருக்கிறார்கள். வெறுப்பினால் அல்ல, பேசாமையினால் அந்தத் தாய் நடுவில் விழுந்துவிட்டார்.

ஆகையால் என் வாலிபரிடம் நான் வற்புறுத்துவது ஒன்றே: வாய்திறந்து சொல்லுங்கள். வளையம் காற்றில் வரும்போதே “என்னுடையது” என்று ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். குரல் கேட்டதும் மற்றவர் சும்மா நிற்காமல், அவர் விட்டுவந்த இடத்தை நிரப்ப வேண்டும். அண்ணன் தம்பிகளே, தாயின் மருந்து இந்த மாதம் யாருடையது என்று இன்றே பேசுங்கள். கணவன்மாரே, ஜீப் புறப்பட்டபின் வீட்டில் எந்த இடம் வெறுமையாகிறது என்று மனைவியிடம் கேளுங்கள். கேட்டபின் அங்கே போய் நில்லுங்கள்.

பிரசங்கி நான்காம் அதிகாரத்தில் ஞானி இருவரைக் குறித்துத் தொடங்கி முப்புரிநூலில் முடிக்கிறார். நம் இருவரையும் பிணைக்கும் மூன்றாம் புரியாகக் கர்த்தர் நம் நடுவில் நிற்கிறார். அவர் நிற்கும் அந்த நடுவிடத்தில் ஒருவரும் கைவிடப்பட்டு விழாதபடி, இந்த வாரம் ஒருவருக்கொருவர் அசைந்து கொடுக்க அவர்தாமே நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.