பொலஸ் காலம்

எங்கள் பலாமரம் பிஞ்சு விடத் தொடங்கிவிட்டது. கண்டிப் பக்கம் வீடுள்ளவர்களுக்கு இதைச் சொன்னாலே போதும். இனி ஏப்ரல் வரைக்கும் கறிக்குக் கவலையில்லை.

நாங்கள் இருவருமே ஆசிரியர்கள். "ரெண்டு சம்பளம் வருதே, உங்களுக்கென்ன?" என்று கேட்பவர்கள் எங்கள் சம்பளப் பட்டியலின் கழிவுப் பக்கத்தைப் பார்த்ததில்லை. இடர்கடன், வீட்டுக் கடன் எல்லாம் போய் வருவதில் 20ஆம் திகதியிலிருந்து இரண்டு கிழமைக்கு மீன், இறைச்சி, முட்டை எல்லாம் உண்டு. அதற்குப் பிறகு மரத்தைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

பிஞ்சு பறிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒரே காம்பில் இரண்டு மூன்றாகத் தொங்கினால், நன்றாக இருக்கும் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பறிக்கிறோம். விட்ட காய் நன்றாகப் பருக்கும், பறித்தது சட்டிக்கு வரும். கொட்டை இறுகுவதற்கு முன் பறித்தால் நடுத்தண்டு முதல் எல்லாமே கறிக்கு ஆகும். தோல் மட்டும்தான் கழிவு. கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் பூசாமல் வெட்டத் தொடங்கினால் அன்று பகல் முழுக்கப் பாலைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வெட்டிய துண்டுகள் கறுக்காமலிருக்க மஞ்சள் கலந்த தண்ணீரில் போட்டு வைக்கிறோம்.

மண்சட்டியில் வறுத்த கறித்தூள், கொரக்காப் புளி, ரம்பை, கறிவேப்பிலை, கறுவாத் துண்டு, வெங்காயம், உள்ளி எல்லாம் போட்டு, கடைப்பாலில் மெல்லிய நெருப்பில் வேக விட வேண்டும். இரண்டு மணித்தியாலமாவது ஆகும். இதை கேஸ் அடுப்பில் வைத்தால் மிச்சம் பிடித்தது சிலிண்டரில் போய்விடும். 2022இல் கேஸுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் வீட்டுக்குப் பின்னால் ஒரு விறகடுப்பு கட்டினோம். நிலைமை சீரானதும் பலரும் இடித்துவிட்டார்கள், நாங்கள் இடிக்கவில்லை. பொலஸுக்கு அதுதான் அடுப்பு. இரவில் தணலில் விட்டுவிட்டுப் படுத்தால் காலையில் கறி கருஞ்சிவப்பாக இருக்கும். அடுத்த நாள் ருசி இன்னும் கூடும்.

தேங்காய்தான் இப்போது பிரச்சினை. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தொட்டபோது முதற்பால் சேர்ப்பதை நிறுத்தினோம். அதற்குப் பதிலாக ஒரு பிடி அரிசியையும் கொஞ்சம் தேங்காய்ப்பூவையும் பொன்னிறமாக வறுத்து அரைத்துக் கடைசியில் சேர்க்கிறோம். குழம்பு தடிப்பாக வரும், வாசமும் உண்டு. இப்போது பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கிறது. உம்மா மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

சிங்களத்தில் பலாவை 'பத் கஸ' என்பார்கள், சோற்று மரம். பாணந்துறைப் பக்கத்து ஆர்தர் வி. டயஸ் ஊரூராகப் பலாக் கன்று நடச் சொல்லித் திரிந்தவர். அதனால் 'கொஸ் மாமா' என்றே பெயர் வந்தது. 1915 சிங்கள, முஸ்லிம் கலவரத்தையடுத்து பிரித்தானியர் சிறையில் போட்டவர்களில் அவரும் ஒருவர். வரலாறு படிப்பிக்கும்போது கலவரத்தைச் சொல்கிறோம், மரத்தைச் சொல்வதில்லை. எங்கள் மரத்தின் பாதிக் கிளை பக்கத்து வீட்டு நோனாவின் வளவுக்குள் தொங்குகிறது. அந்தப் பக்கத்துக் காய் அவருக்கு. அவருடைய ஈரப்பலா காய்த்தால் எங்களுக்கும் ஒன்றிரண்டு வரும். இதைப் பற்றி இதுவரை யாரும் பேசி ஒப்பந்தம் செய்ததில்லை.

பத்திரிகைகளில் சிக்கனச் சமையல் பற்றி எழுதுபவர்கள் "வீட்டு வளவிலேயே இலவசமாகக் கிடைக்கும்" என்று எழுதுகிறார்கள். எங்களுக்கு அந்த 'இலவசமாக' என்ற சொல்லோடு சண்டை உண்டு. பறிக்க, தோல் சீவ, வெட்ட, விறகு கொத்த, அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க என்று எண்ணிப் பார்த்தால் அரை நாள் போகிறது. கடைக்குக் கொடுக்காத காசை வீட்டில் யாரோ ஒருவருடைய முதுகு கொடுக்கிறது. அநேகமான வீடுகளில் அது ஒரு பெண்ணுடைய முதுகு. அவளும் காலை ஏழரைக்குப் பாடசாலையில் நிற்க வேண்டியவளாக இருந்தால் இந்தச் சிக்கனம் இரண்டு கிழமை கூடத் தாங்காது. அதனால் எங்கள் வீட்டில் பொலஸ் சனிக்கிழமை வேலை. ஒருவர் பறித்து வெட்டுவது, மற்றவர் அடுப்பு. மூத்தவனுக்குத் தேங்காய் துருவல். சனி இரவு வெந்தால் ஞாயிறு சோற்றுக்கு, திங்கள் பிரட்டலாக்கி ரொட்டிக்குள். சில வருடங்களாக நோன்பும் இந்தக் காலத்திலேயே வருவதால் மீன் கட்லட்டில் பாதிக்குப் பாதி பொலஸ் சேர்க்கிறோம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. நாங்கள் சொல்லித்தான் கொடுக்கிறோம்.

சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று நினைப்பதற்குக் காரணம் வகுப்பறை. இடைவேளையில் ஒரு பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைப் பாதி மூடிக்கொண்டு சாப்பிட்டாள். உள்ளே சோறும் பொலஸும். பக்கத்துப் பிள்ளையின் பெட்டியில் பொரித்த கோழி. அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த திங்களிலிருந்து எங்கள் ரொட்டியை ஆசிரியர் அறையில் சாப்பிடாமல் வகுப்பு மேசையில் திறந்து வைத்துச் சாப்பிடுகிறோம். கோழிக்காரப் பிள்ளைதான் முதலில் வந்து ஒரு துண்டு கேட்டாள். மூடி இப்போது முழுதாகத் திறக்கிறதா என்றால், சில நாட்களில் திறக்கிறது.

ஏப்ரல் விடுமுறைக்குள் மீதிக் காய்கள் முற்றிவிடும். பிறகு அவியல், சுண்டல், கொட்டைக் கறி என்று வேறு கணக்கு. கொட்டையைக் காய்ந்த மணலில் புதைத்து வைத்தால் மழைக்காலத்துக்கும் உதவும். அதற்கு முன் இன்னும் நாலைந்து சனிக்கிழமை பொலஸ் இருக்கிறது. இந்தக் கிழமை வெட்டும் முறை யாருடையது என்பதில்தான் இன்னும் முடிவில்லை.