ஓசூர் ரோட்டுப் பெண்களின் கணக்கு

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததிலிருந்து தமிழ்நாட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது: இனி ஒரு வருஷம் வேலை பார்த்தாலே கிராஜுவிட்டி. பெங்களூருவில் பிடிக்காத வேலையைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துவரும் பிள்ளைகளுக்கு அப்பாக்களும் சித்தப்பாக்களும் அதை அக்கறையோடு அனுப்பிவைக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. முடிவுத் தேதி குறிப்பிட்ட ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்குத்தான் அந்த ஒரு வருஷச் சலுகை. நிரந்தர ஊழியருக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த ஐந்து வருஷக் கெடு அப்படியே இருக்கிறது. செய்தியை நம்பி நாலரை வருஷத்தில் ராஜினாமா எழுதுகிறவர், உழைத்துச் சேர்த்த பணத்தை முதலாளியிடமே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

பிடிக்காத வேலையில் எவ்வளவு நாள் இருப்பது என்பதற்கு ஊரில் ஒரு பதில், பெங்களூருவில் ஒரு பதில். ஊரில் அது குணத்தைப் பற்றிய விஷயம். "நாங்கல்லாம் முப்பது வருஷம் ஒரே இடத்துல இருக்கலையா, உனக்கு மட்டும் என்னப்பா?" என்று பொங்கலுக்குப் போன இடத்தில் பெரியப்பா கேட்பார். பெங்களூருவில் அது சம்பளத்தைப் பற்றிய விஷயம். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரே கம்பெனியில் இருந்தால் ஹைக் கிடைக்காது, தாவிவிடு என்பார் பக்கத்து சீட்டுக்காரர். ஏற்கெனவே உழைத்த பணம் எந்தத் தேதியில் முழுதாகக் கைக்கு வரும் என்பதை இருவருமே கேட்பதில்லை. இந்த நகரத்தில் அந்தக் கேள்வியை யாரையும்விடத் தெளிவாகக் கேட்டவர்கள் மென்பொருள்காரர்கள் அல்லர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் தையல் பெண்கள்.

கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பேருந்துகளில் வந்திறங்கும் தமிழர் எல்லாருக்கும் ஓசூர் ரோடு தெரியும். எலக்ட்ரானிக் சிட்டிக்கும் சில்க் போர்டுக்கும் நடுவே மேம்பாலத்தில் போகிறவர்களுக்குக் கீழே பொம்மனஹள்ளிப் பக்கம் இருக்கும் தையல் ஆலைகள் கண்ணில் படுவதில்லை. உள்ளே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட், தவறினால் சூப்பர்வைசரின் வசவு, குறைந்தபட்சக் கூலியை ஒட்டிய சம்பளம். இந்த வேலையை விரும்பி யாரும் வருவதில்லை. ஆனாலும் எத்தனை வருஷம் இருப்பது என்று திட்டம் போட்டுத்தான் வருகிறார்கள். மாதச் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் போய்விடும். மொத்தமாகச் சேரும் ஒரே பணம் பி.எஃப். பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ, தங்கையின் கல்யாணமோ, வட்டிக்கடைக் கடனோ முன்னால் வந்து நிற்கும்போது வேலையை விட்டு, அந்தப் பணத்தை எடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டு, சில மாதம் கழித்து வேறொரு ஆலையில் சேர்வார்கள். எப்போது விடுவது என்பதை மனக்கசப்பு தீர்மானிப்பதில்லை, தேவையும் இருப்புத் தொகையும் தீர்மானிக்கின்றன.

2016 பிப்ரவரி 10 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை இந்தத் திட்டத்தின் அடிமடியில் கை வைத்தது. வேலையை விட்டவர் தன் பங்கையும் அதன் வட்டியையும் மட்டுமே எடுக்கலாம், முதலாளி கட்டிய பங்கு 58 வயது வரை உள்ளேயே இருக்கும் என்றது புதிய விதி. முப்பது வயதுப் பெண்ணிடம், உன் பணத்தை இன்னும் 28 வருஷம் கழித்து வந்து வாங்கிக்கொள் என்று சொன்ன மாதிரி. செய்தி ஆலைகளுக்குள் பரவ இரண்டு மாதம் ஆனது. ஏப்ரல் 18 அன்று ஓசூர் ரோட்டில் அந்தப் பெண்கள் தையல் இயந்திரங்களை விட்டு எழுந்து சாலைக்கு வந்தார்கள். மறுநாள் தும்கூரு ரோடு, பீன்யா, ஜாலஹள்ளி என்று நகரத்தின் மறுமுனையும் நின்றுபோனது. எந்தச் சங்கத் தலைவரும் அழைக்கவில்லை, மேடை இல்லை, கொடி இல்லை. தடியடி நடந்தது, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, பேருந்துகள் எரிந்தன, பலர் கைதானார்கள். பேருந்து எரிப்பை யாரும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் ஏப்ரல் 19 மாலைக்குள் தொழிலாளர் அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா அந்த விதியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பெரிய மத்தியத் தொழிற்சங்கங்கள் டெல்லியில் பேசிப் பெற முடியாததை, பெயர் தெரியாத பெண்கள் இரண்டே நாளில் பெற்றுத் தந்தார்கள்.

பெற்றது அவர்களுக்கு மட்டுமல்ல. அதே பி.எஃப். நிறுவனத்தில் கணக்கு வைத்திருக்கும் ஒயிட்ஃபீல்டு பொறியாளரும் கோரமங்கலா டிசைனரும் அன்றைக்குத் தப்பித்தார்கள். அந்த இரண்டு நாளை நகரம் பெரும்பாலும் டிராஃபிக் ஜாமாகவே நினைவில் வைத்திருப்பது பெரிய அநியாயம். பெங்களூருவின் புகழ்பாடும் கட்டுரைகள் இன்ஃபோசிஸ் தொடங்கிய கதையை எழுதுகின்றன, பூங்காக்களை எழுதுகின்றன. வேலை, விலகல், பணம் மூன்றுக்குமான உறவை ஒரு நாட்டுக்கே கற்றுக்கொடுத்த இந்தப் பெண்களுக்கு அந்தக் கட்டுரைகளில் முதல் பத்தி கிடைத்திருக்க வேண்டும். வந்து குடியேறியவர்களுக்கு இந்த ஊர் தந்த ஆகச் சிறந்த பாடம் அவர்களுடையதுதான்.

பி.எஃப். முதுமைக்கான சேமிப்பு, இடையில் எடுத்துத் தீர்த்துவிட்டால் கிழவயதில் என்ன செய்வார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வேலை நிரந்தரமாக இருக்கும் இடத்தில் அதற்கு மதிப்பு உண்டு. ஆடைத் தொழிலிலோ ஐந்து வருஷம் முடியும் முன்பே ராஜினாமா எழுத வைத்து, பிறகு புதியவராகச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று தொழிற்சங்கங்கள் பல காலமாகக் குற்றம்சாட்டி வருகின்றன. காரணம் கிராஜுவிட்டி. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருஷங்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். அந்தத் தொகை 7,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஐந்து வருஷத்துக்கு 22,500 ரூபாய். ஒரு தையல் தொழிலாளிக்கு அது ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளம். முன்னதாகவே வெளியே அனுப்பிவிட்டால் முதலாளிக்கு அது மிச்சம். வேலையே அவர்களை முதுமை வரை வைத்துக்கொள்ளாதபோது, பணத்தை மட்டும் முதுமை வரை வைத்திரு என்பது எப்படி நியாயமாகும்?

2025 அக்டோபர் 13 அன்று பி.எஃப். அறங்காவலர் குழு இதே இடத்தில் மறுபடி கை வைத்தது. வேலை போனால் முக்கால் பங்கை உடனே எடுக்கலாம், மீதிக் கால் பங்குக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. முன்பு முழுத் தொகைக்குமே இரண்டு மாதம்தான் காத்திருப்பு. 2016 விதியோடு ஒப்பிட்டால் இது மென்மையானது. ஆனாலும் ராஜினாமா செய்ய நினைக்கும் ஒவ்வொருவரும் இதைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். ஊர்ப் பெரியவர்களின் அறிவுரையில் இது வருவதே இல்லை.

பெரியவர்கள் பேசும் பொறுமைக்கு வருவோம். இந்தத் தலைமுறைக்குப் பொறுமை கிடையாது என்ற குற்றச்சாட்டை ஒரே ஒரு புள்ளிவிவரம் உடைத்துவிடும். 2022 ஜூனோடு முடிந்த 12 மாதத்தில் இன்ஃபோசிஸிலிருந்து விருப்பப்படி விலகியோர் விகிதம் 28.4 சதவீதம். 2024 மார்ச்சில் அது 12.6. இடைப்பட்ட இரண்டு வருஷத்துக்குள் அந்த இளைஞர்களுக்குத் திடீரென்று பொறுமை வந்துவிட்டதா? வெளியே ஆள் எடுப்பது குறைந்தது, இருந்தவர்கள் இருந்தார்கள். கதவு திறந்திருந்தால் போவதும் மூடியிருந்தால் இருப்பதும் எல்லாத் தலைமுறைக்கும் பொது.

முப்பது வருஷம் ஒரே இடத்தில் இருந்த பெரியப்பாக்களும் வாய்மூடி இருந்தவர்கள் அல்லர். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். ஆலைகளுக்காக அல்சூரிலும் ஜாலஹள்ளியிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது தெரியும். 1980 டிசம்பர் முதல் 1981 மார்ச் வரை பெங்களூருவின் பொதுத்துறை ஊழியர்கள் 77 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒன்றேகால் லட்சம் பேர் சம்பளமில்லாமல் இருந்தார்கள். குவார்ட்டர்ஸ், ஆலைப் பேருந்து, மருத்துவம், ஓய்வுக்காலப் பணம் எல்லாம் இருந்த வேலை அது. அதனால் விடாமல் சண்டை போட்டார்கள். எச்.எம்.டி. கைக்கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததும் 2016இல்தான், தையல் பெண்கள் சாலைக்கு வந்த அதே வருஷம். அந்த மாதிரி வேலையே இல்லாமல் போன பிறகு, அந்த மாதிரி இருப்பை மட்டும் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பது சரியில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது தமிழ்நாட்டை விட்டுக்கொடுக்கவும் மனம் வருவதில்லை, விட்டுக்கொடுக்க வேண்டியதும் இல்லை. பிடிக்காத வேலையில் இருந்துகொண்டே அதை மாற்றுவதில் பெங்களூருவின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் பாடம் நடத்தும். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டில் உடல்நலம் கெட்ட ஃபாக்ஸ்கான் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையையே மறித்தார்கள். ஆலை மூடப்பட்டது. விடுதிகளையும் சாப்பாட்டுக் கூடங்களையும் சீர்செய்வதாகச் சொன்ன பிறகு, ஜனவரியில்தான் திறந்தது. 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கிய சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளியே இருந்தார்கள். 2025 ஜனவரியில் அவர்களுடைய சங்கம் பதிவானது. 12 மணி நேர வேலையை அனுமதிக்கும் சட்டத்தைக் கர்நாடகம் 2023 பிப்ரவரியில் நிறைவேற்றி வைத்துக்கொண்டது. அதே வருஷம் ஏப்ரலில் அதே போன்ற மசோதாவைத் தமிழ்நாடும் நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்ததால் நாலாம் நாள் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். வேலை பார்ப்பவரின் குரல் கோட்டை வரை கேட்கிற ஊர் அது. எலக்ட்ரானிக் சிட்டியிலோ, பணி நிபந்தனைகளை வரையறுத்த நிலையாணைச் சட்டத்திலிருந்து ஐ.டி. துறைக்குத் தந்த விலக்கை 2024இல் இன்னும் ஐந்து வருஷத்துக்கு நீட்டித்தார்கள். 90 நாள் நோட்டீஸ், ரிலீவிங் லெட்டரைப் பிடித்துவைக்கும் மிரட்டல் எல்லாவற்றையும் அங்கே ஆளாளுக்குத் தனியாகவே சமாளிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் பெங்களூருவின் பக்கம்தான் நியாயம். வேலையை விட்டவரை இங்கே யாரும் விசாரிப்பதில்லை. இரண்டு மாதம் வேலையில்லாமல் இருப்பவர் காலையில் தர்ஷினியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தால், பக்கத்தில் நிற்பவர் முகத்தில் பரிதாபம் தெரியாது. நம்மூரில் தெருமுனைக்குப் போவதற்குள் நாலு பேருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த நாலு பேருக்குப் பயந்தே நெஞ்சுவலியோடும் தூக்கமாத்திரையோடும் வருஷக்கணக்கில் ஒரே நாற்காலியில் இருக்கிறவர்கள் உண்டு. 2024 ஜூலையில் உள்ளூர்வாசிகளுக்குத் தனியார் வேலையில் இட ஒதுக்கீடு தரும் மசோதா கர்நாடக அமைச்சரவையில் ஒப்புதலாகி, இரண்டே நாளில் நிறுத்திவைக்கப்பட்டதே, அப்போதிலிருந்து இன்னொரு பயமும் சேர்ந்திருக்கிறது: இதை விட்டால் இந்த ஊரில் மறுபடி கிடைக்குமா? பயம் புரிகிறது. பயத்துக்காக எத்தனை மாதம் இருப்பது என்று கேட்டால் அதற்கு முடிவே இல்லை.

தேதிக்கு முடிவு உண்டு. ஐந்து வருஷம் தொடர்ந்து சேவை இல்லாமல் பி.எஃப். பணத்தை எடுத்தால் வருமான வரி கட்ட வேண்டும்; புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் பழைய வருஷங்களும் கணக்கில் சேரும். ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷம், அதையும் கம்பெனி மாறி மாறிச் சேர்க்கலாம். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம். வாரம் ஆறு நாள் நடக்கும் நிறுவனத்தில் நாலு வருஷமும் ஐந்தாம் வருஷத்தில் 240 நாளும் இருந்தாலே போதும் என்று மெட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு கர்நாடகத்தைக் கட்டுப்படுத்தாது. ஆகவே பெங்களூருவில் இருப்பவர் ஐந்தையும் முழுதாக முடித்துவிட்டுக் கிளம்புவதே பத்திரம். 26 வார மகப்பேறு விடுப்புக்கு, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண் கம்பெனி மாறுவதாக இருந்தால் ஆஃபர் லெட்டருக்கு முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான்.

உடம்பு கெடுகிற இடத்திலும், அவமானம் நேர்கிற இடத்திலும் இந்தத் தேதி எதுவும் பொருட்டில்லை, உடனே கிளம்பிவிட வேண்டும். மற்ற இடங்களில் தேதியைப் பார்த்து, அது வந்ததும் போய்விடலாம். அதற்கு மேல் ஒரு மாதம்கூட ஊருக்காக இருக்க வேண்டியதில்லை.

விலகிய பிறகு இன்னொரு வேலை மிச்சம் இருக்கிறது. புதிய ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, ராஜினாமா செய்தவருக்கும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஃபைனல் செட்டில்மென்ட்டுக்கு 45 நாள் ஆகும் என்று எச்.ஆர். சொன்னால் அந்த விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். வராவிட்டால் பன்னேர்கட்டா சாலையில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவனத்துக்குப் போய்ப் புகார் கொடுங்கள். கன்னடத்தில் எழுத வராதே என்று தயங்க வேண்டாம், கூட வேலை பார்த்த கன்னட நண்பரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.