மணிக்கு ஞாயிற்றுக்கிழமை பிஸ்கெட்

எங்கள் நாய் மணிக்கு 11 வயதாகிறது. பல் தேய்ந்துவிட்டது. கடையில் வாங்கும் கெட்டி பிஸ்கெட்டை முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பான். மனசு கேட்கவில்லை. இப்போது ஞாயிறுதோறும் நானே சுட்டுக் கொடுக்கிறேன்.

வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒரு கப், ஒரு முட்டை, பிசைய வேண்டிய அளவுக்குக் கேழ்வரகு மாவு. உப்பு, சர்க்கரை வேண்டாம். சப்பாத்தியைவிடத் தடிமனாகத் தேய்த்து, பாட்டில் மூடியால் வட்டவட்டமாக வெட்டி, ஓவனில் 170 டிகிரியில் 20 நிமிடம். உள்ளே மெத்தென்று இருக்கும்.

நாய் வளர்ப்பவர்கள் ஒன்றை மறக்காதீர்கள். சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை, சைலிட்டால் சேர்த்த இனிப்புகள் எல்லாம் அவற்றுக்கு விஷம். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சைகூடச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். நல்ல பிஸ்கெட்டும் அளவோடுதான். அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

கிழங்கு வேகும் வாசனை வந்ததுமே சமையலறை வாசலில் வந்து படுத்துவிடுவான். பிஸ்கெட் ஆறும்வரை அசைய மாட்டான். உள்ளங்கையில் வைத்து நீட்டினால், பல் படாமல் உதட்டாலேயே எடுத்துக்கொள்வான். பிறகு வெறும் கையையும் ஒருமுறை நக்குவான். அந்த ஈரம் காயும்வரை கை கழுவ மனம் வருவதில்லை.